பதிவில் உள்ள கைபேசி எண்

பிப்ரவரி 3, திங்கள்

காலை 10.40க்கு நகராட்சி ஆள் ஒருவர் வந்து மஞ்சள் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். குடிநீர்க் கட்டணம் மூன்று அரையாண்டு பாக்கியாம். மார்ச் 10க்குள் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களாம். ந. தெய்வசிகாமணி என்று என் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருந்தவன் நான். இரண்டு நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்த டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன். எனக்கே தாமத நோட்டீஸ்.

"வீட்டு வரி ஏப்ரல்லயே கட்டியாச்சே. ரசீது காட்டவா?"

"அது வீட்டுக்கு சார். இது தண்ணிக்கு. ரெண்டும் வேற வேற."

வீட்டு வரிக்குள்ளேயே தண்ணீரும் அடக்கம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம் என் மனைவி அம்சவேணியின் இலாகா. அவள் இப்போது ஓசூரில், மகள் நித்திலா வீட்டில், பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்

முந்தாநாள் கடைசியாக எழுதிய வரி தெருவுக்குச் சொல்வது. சொல்லிச் சொல்லி டைரியிலும் அதுவே வந்துவிட்டது. அம்சவேணி இருப்பது வேப்பங்குளத்தில், செத்துப்போன அவள் அம்மாவின் வீட்டில். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னேன். அதற்குப் போய் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள்.

இன்று நகராட்சிக்குப் போனேன். பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, 10.00க்குத் திறக்கும் கவுண்டருக்கு 9.45க்கே நின்றேன். 10.25க்கு ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"இங்க ரொக்கம் வாங்குறத நிறுத்தியாச்சு சார். எல்லாம் ஆன்லைன்தான். உங்க பதிவு நம்பருக்கு ஓடிபி வரும், அதப் போட்டாத்தான் பில்லே திறக்கும்."

"என் நம்பருக்கு எதுவும் வந்ததில்லையே?"

கணினியைப் பார்த்தார். "கடைசி நாலு எண் 4471."

அது அம்சவேணியின் கைபேசி எண்.

"அந்த நம்பர எடுத்துட்டு என் நம்பரப் போட்டுக் குடுங்க."

"போடலாம் சார். அதுக்கும் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும். அதச் சொன்னாப் போதும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான். கையில் பணம் இருக்கிறது, கட்ட மனமும் இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. எரிச்சலில், "இதுவரைக்கும் ஒழுங்காத்தான கட்டிட்டு வந்தோம்?" என்று சத்தம் போட்டேன். அவர் அலட்டிக்கொள்ளாமல், "ஆமா சார், கடைசியாக் கட்டினது 2023 ஆகஸ்ட் 17," என்றார்.

அவள் வீட்டை விட்டுப் போனது ஆகஸ்ட் 18. உப்பு கூடியதும் 18ஆம் தேதி மதியம்தான். தேதிகளில் நான் தவறமாட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

தண்ணீருக்காகக் காத்திருக்கிறேன். நகராட்சிப் பலகையில் எட்டு நாளைக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறது. எங்கள் தெருவுக்கு எட்டிலும் வரும், பதினொன்றிலும் வரும். காலையிலும் வரும், உச்சி வெயிலிலும் வரும். வந்தால் ஒன்றேகால் மணி நேரம். அதற்குள் முற்றத்துக் குழிக்குள் இறங்கிக் குழாயில் ஹோஸைச் செருகித் தொட்டியை நிரப்பி, டிரம்மையும் குடங்களையும் நிரப்ப வேண்டும். விட்டால் அடுத்த முறைவரை லாரித் தண்ணீர்தான், அதைக் குடித்தால் வயிறு கடுக்கும்.

பேருந்து தாமதமானால் யாரையாவது கேட்கலாம். தண்ணீரை யாரிடம் கேட்பது?

பிப்ரவரி 8, சனி

வரவில்லை. நாளை காலை என்னோடு வேலை பார்த்த ராமானுஜத்தின் மகனுக்குக் கல்யாணம். ஐம்பது கிலோமீட்டர். தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது?

பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய் சுவருக்கு அந்தப்புறமிருந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணத்துக்குப் போய்ட்டு வாங்க அண்ணாச்சி. சாவியக் குடுத்துட்டுப் போங்க, வந்தா நான் பிடிச்சு வைக்கேன்."

"இல்லம்மா, வேண்டாம்."

"மதினிகிட்டயும் எத்தனையோ வாட்டி சொல்லிப் பாத்தாச்சு. 'சாவி வெளிய போனா அவுக ஒத்துக்கிட மாட்டாக'ன்னு சொல்லிட்டாக."

சொல்லியிருப்பாள். வீட்டுச் சாவி அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது என்பது என் ஒழுங்கு. நாளைக்கு ஒன்று தொலைந்தால் யாரைக் கேட்பது? இதில் என்ன தப்பு?

பிப்ரவரி 9, ஞாயிறு

வரவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

11.20க்கு வந்தது, 12.35க்கு நின்றது. குழிக்குள் இறங்கி ஏறியதில் முழங்கால் வீங்கியிருக்கிறது. ஒன்றரை வருடமாக நான் வெளியூர் போனதில்லை என்பது இன்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஆறாவது நாளிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. தண்ணீர் வந்த மறுநாள் உடம்பு வலி. பிறகு நாலு நாள் சும்மா இருந்தால் மறுபடியும் ஆறாவது நாள். சிறையிலாவது மனு போட்டால் வெளியே விடுவார்கள்.

பிப்ரவரி 13, வியாழன்

கடைத்தெருவிலுள்ள இ-சேவை மையத்துக்குப் போனேன். நடத்துவது பிரிசில்லா என்ற பெண்மணி. நாற்பது வயதிருக்கும், கண்டிப்பும் கனிவும் கலந்த டீச்சர் முகம்.

"ஓடிபி போயிருக்கு ஐயா. நம்பரச் சொல்லுங்க."

"போன் வீட்ல இருக்கு."

"வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க. பத்து நிமிசத்துல காலாவதி ஆயிரும்."

கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமலே, "எடுக்க மாட்டேங்கா," என்றேன். அறுபத்து நாலு வயதில் இப்படி ஒரு நாடகம். அந்த அம்மாள் நல்ல மனதோடு இரண்டாம் முறையும் அழுத்தினாள், மூன்றாம் முறையும் அழுத்தினாள். நான் மூன்று முறையும் "எடுக்க மாட்டேங்கா" என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. மூன்று செய்தியும் வேப்பங்குளத்துக்குப் போயிருக்கும். தண்ணீர்க் கட்டணத்துக்காக நான் முட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

நித்திலாவைக் கூப்பிட்டேன். அம்மாவிடம் கேட்டு அந்த எண்ணை மட்டும் வாங்கித் தரச் சொன்னேன்.

"அம்மா போன்தானப்பா அது. நீங்களே கேளுங்க."

"நான் கேட்டா எடுக்க மாட்டா."

"எத்தனை வாட்டி கூப்பிட்டீங்க?"

ஒன்றரை வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. போனவள்தானே முதலில் பேச வேண்டும்?

"அப்பா, அம்மா உப்புக்காகப் போனாங்கன்னு இன்னுமா நினைக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மறுபடியும் இ-சேவை மையம். பிரிசில்லா என் கைபேசியிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொடுத்தாள். "வீட்ல ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து பண்ணிருங்க ஐயா. ரெண்டு நிமிச வேலை," என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

9.44க்கு வீட்டிலிருந்தே பொத்தானை அழுத்தினேன். கைபேசியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு உட்காரப் போனேன். முற்றத்துக் குழாயில் காற்று சீறியது. தண்ணீர். ஓடினேன். தொட்டி, டிரம், குடங்கள் எல்லாம் முடித்துத் துணியைப் பிழிந்துவிட்டு உள்ளே வரும்போது 11.05.

மேசையில் ஒரு செய்தி இருந்தது. 4471. ஆறு எண்கள். வேறு ஒரு சொல் இல்லை. வந்த நேரம் 9.47.

மூன்று நிமிடத்தில் அனுப்பியிருக்கிறாள். ஒன்றரை வருடத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தை அந்த ஆறு எண்கள்தான். அதை எடுத்துப் பார்க்க ஆளில்லை, நான் குழிக்குள் இருந்தேன். போட்டுப் பார்த்தேன், காலாவதி என்றது. மறுபடி அழுத்தினேன். சாயங்காலம்வரை நாலு முறை அழுத்தினேன். எதுவும் வரவில்லை.

கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுதி வைக்கிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது.

பிப்ரவரி 22, சனி

தண்ணீர் வரும் நாட்களுக்கு ஏதாவது கணக்கு இருக்கிறதா என்று பார்க்க, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பழைய மாதக் காலண்டர்களை எடுத்தேன். அம்சவேணி ஒவ்வொரு தண்ணீர் நாளையும் வட்டமிட்டிருந்தாள். கணக்கு எதுவும் பிடிபடவில்லை. ஆனால் வட்டங்களுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு குறிப்புகள் இருந்தன. "சித்தி மக வளைகாப்பு." "குலசாமி கோயில்." "பள்ளிக்கூடத் தோழி வீடு." ஒவ்வொன்றின் மீதும் ஒரு கோடு. போகவில்லை என்று அர்த்தம்.

2023 ஜூலையைத் திருப்பாமலே சுருட்டி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

திருப்பினேன். 12ஆம் தேதியில் வட்டம். பக்கத்தில், "அம்மா." கோடு இல்லை.

பிப்ரவரி 26, புதன்

டைரி எதற்கு? நேரம் எழுதத்தானே. எழுதுகிறேன்.

2023 ஜூலை 12, புதன். காலை 8.10க்கு வேப்பங்குளத்திலிருந்து போன். அவள் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உடனே வரவும். 9.15 வண்டியைப் பிடித்தால் 10.45க்குப் போய்விடலாம். அன்று தண்ணீர் முறை பதினோராம் நாள், எப்படியும் வந்துவிடும் நாள். எனக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம்.

அவள் வாசலில் நின்றுகொண்டு, "நீங்க இன்னைக்கு ஒரு நாள் இருந்து பிடிக்கீகளா?" என்றாள்.

நான் சொன்னது: "கூட்டத்துல நான் பேசணும். தண்ணியப் பிடிச்சு வச்சிட்டு 2.20க்குப் போ. கிழவிக்கு மூச்சு வாங்குறது புதுசா?"

தண்ணீர் நாலு மணிக்கு வந்தது. மாமியார் 12.30க்குப் போய்விட்டார். கூட்டத்தில் நான் பேசவும் இல்லை. வடையும் காபியும் கொடுத்தார்கள்.

தகவல் வந்த பிறகும் அவள் அழவில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு என்னோடு 5.40 வண்டியில் வந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்தாள், மேலும் மூன்று முறை தண்ணீர் பிடித்தாள், ஆகஸ்ட் 17 கட்டணத்தைக் கட்டினாள், 18 போய்விட்டாள். உப்பு நான் பிடித்துக்கொண்ட சாக்கு.

மார்ச் 1, சனி

தண்ணீர் 2.05 – 3.20.

மார்ச் 5, புதன்

இன்னும் ஐந்து நாள். அவளைக் கூப்பிட இரண்டு முறை கைபேசியை எடுத்தேன். என்னவென்று ஆரம்பிப்பது? "ஓடிபி சொல்லு" என்றா? அதை மட்டும் கேட்க அவமானமாக இருக்கிறது. மற்றதைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

இணைப்பைத் துண்டித்துவிட்டால் இந்தக் குழியிலிருந்து விடுதலை என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் குழாயும் போய்விட்டால் அவள் திரும்பி வருவதற்கு இங்கே வீடு என்று என்ன இருக்கும்? இந்த எண்ணம் வந்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. அவள் தப்பித்ததே இந்தக் குழாயிலிருந்துதான்.

மார்ச் 8, சனி

நாளை எட்டாம் நாள். தண்ணீர் வரலாம்.

சாயங்காலம் சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டு வாசற்படி ஏறுவது இதுதான் முதல் தடவை. சாவியை நீட்டினேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "வேப்பங்குளத்துக்கு 9.15 தானே அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

அம்சவேணி ஓசூரில் இல்லை என்பது தெருவுக்கே தெரிந்திருக்கிறது. என் முகத்துக்காக ஒன்றரை வருடம் எல்லோரும் தெரியாதவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

9.15 வண்டி 9.15க்குக் கிளம்பியது. இந்த வண்டிக்குப் பல வருடம் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஏறி உட்கார்ந்து போனது மூன்றோ நாலோ தடவை. ஜன்னலோரம் இருந்தும் பாதி வழிவரை குழாய்ச் சத்தத்துக்கே காது போய்க்கொண்டிருந்தது.

10.50க்கு இறங்கினேன். வேப்பமரத்து நிழலில் மூன்று பெண்கள் சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதையோ சொல்ல, மற்றவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். இரண்டடி கிட்டே போன பிறகுதான் அது அம்சவேணி என்று தெரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது.

என்னைக் கண்டதும் மற்ற இரண்டு பேரும் எழுந்து நகர்ந்துகொண்டார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க," என்றாள். உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னைக்குத் தண்ணி வார நாளாச்சே? ஒண்ணாந்தேதி வந்துச்சுன்னு சண்முகத்தாய் சொன்னா. இன்னையோட எட்டு."

"இங்க வந்தும் எண்ணிக்கிட்டா இருக்க?"

"மனசு கேக்க மாட்டேங்கு. தானா எண்ணுது." பிறகு, "யாரு பிடிக்கா?" என்றாள்.

"சண்முகத்தாய். சாவியக் குடுத்துட்டு வந்தேன்."

"சாவியவா? நீங்களா?"

"ஆமா."

புளிச் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு புளியை எடுத்தாள், ஓட்டை உடைத்தாள், கொட்டையைத் தட்டினாள். நிமிராமலே சொன்னாள்.

"இவ்வளவுதானா? அன்னைக்கும் சண்முகத்தாய் பக்கத்து வீட்லதான இருந்தா."

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த எதுவும் வரவில்லை. டைம்கீப்பர் புத்தி, வந்தது வேறொன்று.

"அன்னைக்குக் கூட்டத்துக்குப் போற வழியில 9.15 கிளம்புறதப் பாத்தேன். கரெக்ட் டைம். சீட்டெல்லாம் காலியாக் கெடந்துச்சு. நீ போயிருக்கலாம். நான் போக விடல. தப்பு என் மேலதான், அம்சா."

அவள் கொட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. அம்மா இறந்த அன்று வராத அழுகை.

"அதச் சொல்லத்தான் வந்தீகளா? தண்ணி பில்லுக்கு வந்தீகளா?"

"பில்லுக்குத்தான் கிளம்பினேன். வண்டியில வரும்போது அதுக்காக இல்லன்னு ஆகிப்போச்சு."

"சரி, போன எடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பொத்தானை அழுத்தினேன், அவள் கைபேசி சிணுங்கியது. ஒவ்வொரு எண்ணாக அவள் சொல்ல, நான் போட்டேன். மூன்று அரையாண்டும் கட்டி முடிய நாலு நிமிடம் ஆனது. பிரிசில்லா சொன்னது போல ரெண்டு நிமிச வேலையில்லை, நான் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு அழித்துப் போட்டேன்.

கைபேசியைப் பையில் வைக்கப் போனேன். "இருங்க," என்றாள். "நம்பரையும் மாத்திருங்க. இனி அந்தத் தண்ணி சேதி எதுவும் எனக்கு வரவேண்டாம்."

"அம்சா..."

"அழுத்துங்க."

அழுத்தினேன். அவளுக்கு ஆறு எண்கள் வந்தன. சொன்னாள். போட்டேன். "தங்கள் கைபேசி எண் வெற்றிகரமாக மாற்றப்பட்டது" என்று என் திரையில் வந்தது. அவள் அதை எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்து முடித்ததும் தோளில் இருந்த குடத்தை இறக்கி வைத்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வருவியா?" என்று கேட்டேன்.

"இங்க தெருக்குழாய்ல தினமும் காலையில தண்ணி வருது. நான் இல்லாட்டியும் யாராவது ஒரு குடம் பிடிச்சு வச்சிருவாக," என்றாள். கொஞ்சம் கழித்து, "சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள்.

சோறும் புளிக்குழம்பும் போட்டாள். உப்பு கொஞ்சம் குறைவு. நான் சொல்லவில்லை. பாதியில் அவளே உப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

திரும்பி வந்ததும் சண்முகத்தாய் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். தண்ணீர் 12.10க்கு வந்ததாம். தொட்டி, டிரம், குடங்கள் எல்லாம் நிரப்பியாயிற்றாம். வீட்டில் எந்தப் பொருளும் தொலையவில்லை.

மார்ச் 10, திங்கள்

நகராட்சியிலிருந்து என் கைபேசிக்கு முதல் செய்தி வந்தது. நிலுவை இல்லை. இணைப்பு துண்டிக்கப்படாது.

தண்ணீர் இனி 17க்கு மேல்தான். சண்முகத்தாய் சாவியைத் தர வந்தாள். உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.

வேப்பங்குளத்துக்கு 9.15 தினசரி வண்டி.